கேளிக்கை யாருக்குச் சொந்தம்?

திரைப்படம் வெறுங் கேளிக்கை, அதிற் கருத்தைத் தேடுவது வீண் வேலை என்று ஒரு சாரார் சொல்லி வருகின்றனர். கருத்துள்ள படமென்றால் அதிற் கேளிக்கைக்கு இடமிருத்தலாகாது, பாட்டும் சிரிப்பும் மக்களை மயக்கும் மருந்துகளே என்று மற்றொரு சாரார் சொல்லி வருகின்றனர். முன்னவர் பழைமைவாதிகள். பின்னவர் நம்மவர், முற்போக்கு முகாமைச் சேர்ந்த நண்பர்கள். இரு சாராரும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து புறப்பட்டாலும் வந்து சேரும் இடம் ஒன்றே. மக்களின் மகிழ்ச்சியைப் பட வியாபாரியின் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதே அவ்விடம். இவ்வொதுங்கலை நாம் வன்மையாக எதிர்க்கிறோம். சுவையான படம் ஆழ்ந்த கருத்தைச் சுமக்க வல்லது என்பதும், சுமந்து வருவது உணவா நஞ்சா என்று பிரித்துக் காட்டும் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்பதும் எமது கட்சி.

யாருடைய மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக் கொள்வோம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரை என நமுனுகுல மலையைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் விரிந்து கிடக்கும் தோட்டங்களில், விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்தெடுத்து, நிறுவையில் எடை குறைந்தால் அரைப்பேருடன் லயத்துக்குத் திரும்பும் பெண்ணைப் பற்றிப் பேசுகிறோம். அவளுடைய பிள்ளைகளே எமது வகுப்பறைகளில் அமர்ந்திருப்பவர்கள். தோட்டத்து மைதானத்தில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில் அவளுடைய பாட்டி பார்த்தாள். வாடகைக்கு ‘டெக்’ எடுத்து விடிய விடிய மூன்று படம் ஓட்டிய காலத்தில் அவளுடைய தாய் பார்த்தாள். இன்று அவள் கைப்பேசியிற் பார்க்கிறாள். கருவிதான் மாறியிருக்கிறது. பகல் முழுதும் பிறருக்காக உழைத்த உடம்பு, இரவில் இரண்டு மணி நேரம் தனக்காகச் சிரிக்கவும் அழவும் விரும்புகிறது. இதற்கு மயக்கம் என்று பெயரிட நமக்கு என்ன உரிமை?

சுவையையும் கருத்தையும் இரு கூறாக வெட்டிப் பார்க்கும் வழக்கம் எமது மக்களிடம் இருந்ததில்லை. மாசி மாதத்திற் காமன் ஊன்றி, தப்படித்து, இரவிரவாக ஆடியவர்கள் அவர்கள். இரதியின் புலம்பலைத் தம் வீட்டு இழவாகவே கேட்டு அழுதவர்கள். அந்தக் கண்ணீர் காயுமுன் கோமாளியின் குறும்பில் வாய்விட்டுச் சிரித்தவர்கள். 1930களில் கோ. நடேசய்யரும் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாளும் தொழிற்சங்கச் செய்தியைத் தோட்டங்களுக்குள் கொண்டு சென்றபோது துண்டுப் பிரசுரத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாடினார். தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாக எழுதி அச்சிட்டுப் பரப்பினார். எழுத்தறியாதவனுக்கும் பாட்டு எட்டியது. துரைமார் வாசலிற் காவல் போட்டாலும் மனப்பாடமாகிவிட்ட பாட்டைப் பறிமுதல் செய்ய முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். முற்போக்கு இயக்கத்தின் இந்த முன்னோர் அறிந்த உண்மையைப் பின்வந்த நாம் மறந்ததுதான் விந்தை.

இனித் திரைக்கு வருவோம். கருத்தைச் சிரிப்பில் ஏற்றிய முன்னோடி என்று தமிழில் யாரைச் சொல்வது? என். எஸ். கிருஷ்ணனைத்தான் சொல்ல வேண்டும். 1949ஆம் ஆண்டு வெளிவந்த ‘நல்லதம்பி’யில் அவர் நிகழ்த்திய ‘கிந்தனார்’ காலட்சேபத்தை எண்ணிப் பாருங்கள். நந்தனார் கதையின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். உள்ளடக்கத்தை மட்டும் மாற்றினார். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தனோ பட்டணம் போய்ப் படிக்க ஏங்கினான். கோயில் வாசல் இருந்த இடத்திற் பள்ளிக்கூட வாசல் வந்தது. இதைக் கேட்டு அரங்கம் சிரித்தது. சிரித்தவர்களுள், தாழ்த்தப்பட்டவன் படிக்கலாகாது என்று வீட்டில் நினைத்திருந்தவர்களும் இருந்திருப்பர். அவர்களிடம் ஒருவர் மேடையேறி, ‘ஒடுக்கப்பட்டோருக்குக் கல்வி வேண்டும்’ என்று முழங்கியிருந்தால் காதைப் பொத்திக் கொண்டிருப்பார்கள். சிரிக்கும்போது காதைப் பொத்த முடியாது. காலட்சேபம் என்ற பழைய வடிவத்தை இரசித்துக் கொண்டே அதற்குள் வந்த புதிய நியாயத்துக்கும் தலையாட்டி விட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைக்குக் கல்வி எதற்கு என்ற கேள்வியோடு எத்தனையோ ஆண்டுகள் போராடிய மலையக ஆசிரியனுக்குக் கிந்தனாரின் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

மேனாட்டிலும் இதுவே நடந்தது. சார்லி சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ 1936இல் வெளிவந்தது. தொழிலாளிக்குச் சோறூட்ட ஓர் இயந்திரத்தை அதிற் கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். உணவு வேளையை மிச்சப்படுத்தி உற்பத்தியைப் பெருக்கவே அந்த ஏற்பாடு. இயந்திரம் பழுதாகி முகத்தில் அறைய, நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். முதலாளி தொழிலாளியின் நேரத்தை மட்டுமன்றி அவன் வாய்க்குப் போகும் கவளத்தையும் கணக்கிடுகிறான் என்ற அரசியற் பொருளாதாரம் அச்சிரிப்பினுள்ளே இருக்கிறது. அதை உணர நூல் படிக்க வேண்டியதில்லை. தேநீர் குடிக்க ஒதுக்கிய சில நிமிடங்களையும் கங்காணியின் கண் அளந்து கொண்டிருப்பதை அறிந்த எமது பெண்களுக்கு அந்தக் காட்சி உடனே விளங்கும்.

அடுத்து 1952ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’. மு. கருணாநிதி எழுதி, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கி, சிவாஜி கணேசன் முதன்முதலாகத் தோன்றிய அப்படம் இலங்கையிலும் பெருவெற்றி கண்டது. அதைத் தடை செய்ய வேண்டுமென்ற கூக்குரல் தமிழ்நாட்டில் எழுந்தது. கோயிலின் பெயரால் நடக்கும் அக்கிரமத்தைக் காட்டியதே அக்கூக்குரலுக்குக் காரணம் என்பர். அது உண்மை. ஆயின் மலையகத்தார் அதில் மற்றோர் உண்மையையும் கண்டிருக்க வேண்டும். அது இரங்கூனுக்குப் பிழைக்கப் போன தமிழரின் கதை. போர் துரத்தத் தாயகம் திரும்பியவர்கள் அந்தத் தாயகத்திலேயே அகதிகளாகவும் பிச்சைக்காரராகவும் அலைந்த கதை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலை வெளியே நின்று வேடிக்கை பார்க்க நேர்ந்த மக்களுக்கு அந்தக் கதை அந்நியமா? 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக் கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தது. கப்பலேறியவர்களுள் எத்தனையோ பேர் நீலகிரியில் மீண்டும் தேயிலைக்கே கூலிகளாயினர். தாயகம் என்ற சொல் ஏழைக்கு எவ்வளவு பொய்யானது என்பதை அரசியல் அறிஞர் எழுதுமுன்பே ஒரு தீபாவளிப் படம் சொல்லி வைத்திருந்தது.

அது வசனத்தின் வெற்றியே, சிரிப்புக்கும் சுவைக்கும் அங்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அந்த வசனமே சுவைதான். அடுக்கு மொழியின் ஓசை இன்பத்துக்காகவே மக்கள் அதை இசைத்தட்டில் வாங்கிக் கேட்டனர். சிறுவர்கள் ஒப்பித்துத் திரிந்தனர். அதே கருத்துகள் ஓசையற்ற உரைநடையில் வந்திருந்தால் அவற்றை யார் ஒப்பித்திருப்பார்?

இதற்கு மறுதலையான சான்றொன்றையும் மறைக்காமற் சொல்வோம். 1960ஆம் ஆண்டு இடதுசாரிக் கலைஞர்கள் கூட்டாக முயன்று ‘பாதை தெரியுது பார்’ என்ற படத்தை எடுத்தனர். வங்காளத்தில் ‘சின்னமூல்’ எடுத்துப் புகழ்பெற்ற நிமாய் கோஷ் இயக்கினார், எம். பி. சீனிவாசன் இசையமைத்தார். நோக்கம் உயர்ந்தது, உழைப்பு நேர்மையானது. எனினும் படம் அரங்குகளில் நிலைக்கவில்லை. விநியோக முதலாளிகளின் உலகம் அத்தகைய படத்தை வரவேற்காது என்பது தெரிந்ததே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ஜெயகாந்தனும் கே. சி. எஸ். அருணாசலமும் அதற்கு எழுதிய பாடல்கள் மட்டும் அரங்கை விட்டு வெளியேறி வானொலி வழியே வாழ்ந்தன. படத்தைப் பாராதவரும் அவற்றைப் பாடினர். சுவையேறிய பகுதி மக்களிடம் தங்கிற்று. இதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடத்தை அன்றே பெற்றிருந்தால், ‘மக்களுக்கு இரசனை இல்லை’ என்ற சோம்பேறித் தீர்ப்பை இத்தனை காலம் எழுதிக் கொண்டிருக்க மாட்டோம்.

இவ்வளவு சொல்வதால், சுவையான படமெல்லாம் நல்ல படம் என்று நாம் வாதிடுவதாக எவரும் எண்ண வேண்டாம். வண்டி நெல்லையும் ஏற்றும், பதரையும் ஏற்றும். எமது மலைநாட்டிற் பிறந்தவர் என்று மக்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எம். ஜி. ஆரின் படங்களை எடுத்துக் கொள்வோம். பொதுவுடைமை இயக்கத்தில் வளர்ந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1958இல் ‘நாடோடி மன்ன’னுக்கு எழுதிய பாட்டு உழைப்பவனைத் தட்டி எழுப்பியது. கதையோ, நல்லவன் ஒருவன் அரியணை ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவனை மீண்டும் உறங்க வைத்தது. 1965ஆம் ஆண்டின் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் ஒருவன் சாட்டையை எடுக்கிறான், நாம் கைதட்டுகிறோம். சாட்டை யார் கையில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டோம். சாட்டையே எதற்கு என்று கேட்கவில்லை. நாயகன் வருவான் என்று காத்திருக்கப் பழகிய கூட்டம், தலைவர் வருவார் என்றும் காத்திருக்கும். சம்பள உடன்படிக்கை காலம் தோறும் எமது மக்கள் காத்திருந்த காத்திருப்புக்கு இப்படங்கள் ஒத்திகையாயின என்றால் அது மிகையன்று.

தேயிலை மலையையே பாருங்கள். காதலனும் காதலியும் பாடியாட அது பச்சைப் பின்திரை. கூடை மாட்டிய துணை நடிகையர் வரிசையாக நின்று அசைந்தாடுவர். கூடையின் பாரமும் அட்டைக்கடியும் மழையில் நனைந்த சாக்கும் அப்பாட்டுகளுக்குள் வருவதில்லை. இங்கே ஒருவரும் வசனம் பேசவில்லை. எனினும் ஒரு கருத்து மிகத் தெளிவாகச் சொல்லப்படுகிறது: இந்த மலை அழகானது, இதில் உழைப்பவர் அந்த அழகின் ஒரு பகுதி. இதைவிடக் கொடிய பிரசாரத்தை எந்தத் தோட்டக் கம்பனி செய்ய முடியும்?

எனவே ஒரு படத்தின் கருத்து எது என்று அறிய அதன் இறுதி வசனத்தைத் தேடிப் பயனில்லை. நாம் எங்கே சிரித்தோம், யாருக்காக அழுதோம், யார் பேசும்போது சலிப்புற்றோம் என்று நம்மை நாமே சோதித்துப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் வந்த ‘தெனாலி’யில், போரிற் பெற்றோரை இழந்து, காண்பதற்கெல்லாம் அஞ்சும் ஈழத்தமிழனாகக் கமல்ஹாசன் நடித்தார். அவனுடைய அச்சத்தின் வேர் போர் என்பதை அறியும் கணத்திற் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. அது படத்தின் வெற்றி. அவனுடைய பேச்சுமொழியே வேடிக்கையாகும்போது நாம் அகதியின் நாவைப் பார்த்துச் சிரிக்கிறோம். அது படத்தின் வீழ்ச்சி. இரண்டும் ஒரே படத்திற்குள் இருக்கின்றன. தோட்டத்துப் பேச்சை எவரேனும் ‘பேசிக் காட்டும்’ போது கொழும்பில் எழும் சிரிப்பைக் கேட்டுக் குறுகிய எமது மாணவர்களுக்கு இந்த வேறுபாடு நூலறிவன்று, பட்டறிவு.

தோட்டத் தொழிலாளரைப் பற்றித் தமிழில் எடுத்த படங்களுள் பெரும்பேச்சுக்குள்ளானது பாலாவின் ‘பரதேசி’ (2013). பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கிய நாவல் அதற்கு அடிப்படை. முற்பகுதியில், ஊரார் கேலி செய்யும் அப்பாவி ஒருவனோடு நம்மைச் சிரிக்க வைத்து, அவன்மீது அன்பு கொள்ளச் செய்கிறார்கள். பிறகு கங்காணி வருகிறான், முன்பணம் கொடுக்கிறான், ஊரே நாற்பத்தெட்டு நாள் நடக்கிறது. நாம் சிரித்துச் சிரித்து நேசித்தவர்கள் அல்லவா அந்த நடைவழியில் விழுகிறார்கள்? மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து, வழியிலேயே மடிந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். எந்தச் சரித்திரப் பாடமும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது. முற்பகுதியின் கேளிக்கை இன்றேற் பிற்பகுதியின் துயரம் வெறும் புள்ளிவிவரமாகப் போயிருக்கும்.

ஆயின் அதே படம் ஓரிடத்திற் பெரும்பிழை செய்கிறது. நாவலை எழுதிய டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்தவர். தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்ட முன்னின்றவர். படத்தில் வரும் மருத்துவரோ ஆடிப்பாடி மதம் பரப்பும் கேலிச் சித்திரமாகிவிட்டார். தோட்டத்துக்குள் நியாயம் நுழைந்த வாசலையே கேலியால் அடைத்துவிட்ட பின் எஞ்சுவது ஒப்பாரி ஒன்றே. ஒப்பாரியோடு படம் முடிகிறது. எமது பாட்டன்மார் அழுதது உண்மை. அழுததோடு நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. அவர்கள் சங்கம் கட்டினர், வேலைநிறுத்தம் செய்தனர். 1940இல் முல்லோயாவிற் கோவிந்தன் குண்டடிபட்டு வீழ்ந்தான். அந்த இரண்டாம் உண்மையைச் சிரிப்போடும் பாட்டோடும் சொல்லும் படத்துக்கு நாம் இன்னும் காத்திருக்கிறோம்.

நம் நாட்டிலேயே அதற்கான முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. 1963இல் ‘தோட்டக்காரி’ வந்தது. 1975இல் மலையகத் தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் ‘புதிய காற்று’ என்ற படத்தைத் தயாரித்து நடித்தார். தோட்டத் தொழிலாளரைத் திரைக்குக் கொண்டு வந்தார். சண்டையும் பாட்டும் காதலும் அதில் உண்டென்று முகஞ்சுளித்த அறிஞரை நாம் கேட்கிறோம்: அவை இல்லாமல் அப்படம் எந்தத் தோட்டத்தை எட்டியிருக்கும்? 1976இல் வானொலி நாடகத்திலிருந்து பிறந்த ‘கோமாளிகள்’, வெவ்வேறு இனத்தாரும் வட்டாரத்தாரும் பேசும் தமிழ்களை ஒரே கூரையின் கீழ்க் கலகலக்க வைத்தது. ஒருவர் மொழியை மற்றவர் கேட்டுச் சிரித்தாலும் ஒருவரும் வெளியே தள்ளப்படவில்லை. அடுத்த ஆண்டு, 1977 ஆகஸ்டில், இந்நாடு இனக்கலவரத் தீயில் எரிந்தது. தோட்டத்து லயங்களும் தப்பவில்லை.

‘அப்படியானால் உங்கள் சிரிப்புப் படம் எதைச் சாதித்தது?’ என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. படம் கலவரத்தைத் தடுக்காது, கூலியையும் உயர்த்தாது. 2015இல் எழுந்த 1,000 ரூபாய் நாட்கூலிக் கோரிக்கை அரசிதழில் ஏற 2021ஆம் ஆண்டு வரை போராட வேண்டியிருந்தது. எந்தப் படமும் அப்போராட்டத்துக்கு மாற்றாகியிருக்காது. அரசியல் செய்ய வேண்டிய வேலையைக் கலையின் தலையிற் கட்டிவிட்டு, அது செய்யவில்லை என்று அதைத் தூற்றுவது நியாயமன்று. கலையின் வேலை வேறு. ‘என்னைப் போன்றவளின் வாழ்வும் ஒரு கதை, அதைக் கேட்க ஓர் ஊரே உட்காரும்’ என்ற எண்ணத்தை ஒரு பெண்ணின் நெஞ்சில் அது விதைக்கிறது. தன் வாழ்வு கேட்கத் தகுந்தது என்று எண்ணாதவள் கூட்டத்தில் எழுந்து பேசமாட்டாள். பேசாதவள் சங்கத்தில் வெறும் சந்தாவாகவே இருப்பாள்.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். திரைப்படத்தைக் குற்றப்பொருளாக்கி வகுப்பறை வாசலில் நிறுத்தும் வழக்கத்தைக் கைவிடுங்கள். நீங்கள் நிறுத்தினாலும் அது மாணவனின் சட்டைப்பையில் உள்ளே வந்துவிட்டது. உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் பாடமாக இருக்கிறது. தமிழ்த்தினப் போட்டிக்காகப் பேச்சும் பாட்டும் பழக்குகிறோம். அந்த உழைப்பிற் காற்பங்கைப் படம் பார்க்கக் கற்பிப்பதில் செலவிடுவோம். பரீட்சை முடிந்த ஒரு பிற்பகலில், பிள்ளைகள் விரும்பும் படத்தையே போடுங்கள். முடிந்தபின் உபதேசம் வேண்டாம். யாரைப் பார்த்துச் சிரித்தோம்? அவர் இங்கே இருந்திருந்தால் நம்மோடு சிரித்திருப்பாரா? துன்பம் தீர்ந்தது யாரால்? ஒருவனாலா, பலராலா? இக்கேள்விகளைப் போட்டுவிட்டு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். இலக்கிய விமரிசனம் என்று பல்கலைக்கழகத்திற் கற்றதைவிடக் கூர்மையான விமரிசனத்தை லயத்துப் பிள்ளைகளின் வாயிலிருந்து கேட்பீர்கள்.

மாணவ நண்பர்களுக்கும் ஒன்று. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) பாட்டும் நகைச்சுவையும் நிறைந்த படம். மக்கள் விரும்பிப் பார்த்த படம். அதன் முடிவில் நீண்ட வசனம் எதுவுமில்லை. இரண்டு தேநீர்க் குவளைகளும் அவற்றின் நடுவே ஒரு மல்லிகைப் பூவும் இருக்கின்றன. சாதி என்ற கொடுமைக்கு எதிராக ஆயிரம் மேடைகளிற் பேசியதை அந்தக் குவளைகள் பேசாமற் பேசுகின்றன. தேநீரின் நாட்டிற் பிறந்த நீங்கள் அக்காட்சியைக் கண்டு கைதட்டினீர்கள். இனி அதற்கு அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அக்குவளைகளில் இருக்கும் தேநீருக்குக் கொழுந்து பறித்தவள் எங்கே? அவளுடைய கதையை அவளுடைய மொழியில், அவளும் விழுந்து விழுந்து சிரிக்கும்படி யார் எடுக்கப் போகிறார்கள்? சென்னையோ கொழும்போ எடுத்துத் தரும் என்று காத்திருப்பதும் நாயகனுக்காகக் காத்திருக்கும் அதே பழைய நோய்தான். படம் பிடிக்கும் கருவி இன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. கதையோ நமுனுகுலவின் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது.